நாங்கள் குடித்த கொம்பு

நகம் கடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லப்போகும் சுவை தெரிந்திருக்கும். கடித்த துணுக்கு ஒன்று நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு, துப்பினாலும் வராமல் விழுங்கினாலும் இறங்காமல், உப்பும் இல்லாமல் கசப்பும் இல்லாமல் பழைய தூசு மாதிரி தொண்டையில் நின்றுகொண்டிருக்குமே, அந்தச் சுவைதான். என் சிறுவயதில் சளி பிடித்த நாளெல்லாம் என் வாயில் அதுதான் இருந்தது. எங்கள் தெருவில் அதற்கு "கொம்பு குடிக்கிறது" என்று பெயர். இப்போதும் எங்காவது கல்லில் எதையாவது தேய்க்கிற சத்தம் கேட்டால் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிடும், பசியால் அல்ல, குமட்டலால்.

சிங்காநல்லூரில் மில் மதிலை ஒட்டி எதிரும் புதிருமாக நின்ற "லைன் வீடுகளில்" ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா மில்லில் வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் காது மயிரிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் துண்டை உதறினால் அது எங்கள் சோற்றில் வந்து உட்காரும். அந்தப் பஞ்சு எல்லார் வீட்டுக்குள்ளும் வந்தது, எல்லார் நெஞ்சுக்குள்ளும் போனது, அதனால் இருமாத வீடு என்று அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. இருமியவர்கள் எல்லாரும் வந்து நின்ற வாசல் எங்கள் வாசல். ஏனென்றால் அப்பாவின் அக்கா மாராத்தாள் அத்தை, புருசன் போன பிறகு எங்களோடு வந்து இருந்துவிட்டவள், ஒரு மான்கொம்பு வைத்திருந்தாள்.

முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், கருத்த பழுப்பு நிறம், நெடுகப் பள்ளம் பள்ளமாக வரி, அடிப்பக்கம் அரக்கு வைத்து அடைத்து மேலே ஒரு செப்புப் பூண். கொடுமுடியில் காவிரிக் கரையில் கடை விரித்திருந்த ஒருவனிடம் அத்தை அதை வாங்கினாளாம், "காட்டுக்குள்ள ராசா மாதிரி நின்ன கலைமானுங்" என்று அவன் சத்தியம் செய்தானாம். சாமி அலமாரியில், சூடம் டப்பாவுக்குப் பக்கத்தில், சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருப்பாள். அந்தத் துணியைத் துவைத்து நான் பார்த்ததில்லை. அதன் மடிப்பில் கரப்பான் முட்டை இருந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன். சந்தனக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் விட்டு, சரக் சரக்கென்று உரசுவாள். சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு சேரும். அதை மூக்குப்பொடி போடுகிற அதே விரலில் வழித்து, அதே விரலை வாய்க்குள் விட்டு, அடிநாக்கில் தடவிவிடுவாள். மருந்தும் மூக்குப்பொடியும் விரலின் அழுக்கும் சேர்ந்து இறங்கும். வாந்தி வந்தால், "சளி அறுத்துக்கிட்டு வருது பாரு" என்பாள். வராவிட்டால், "உள்ளயே கரைஞ்சுபோச்சு" என்பாள். எப்படியிருந்தாலும் கொம்பு ஜெயித்துவிடும்.

கொம்பு வாங்கிக் குடித்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும், "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது, சொன்னால் சீக்கும் திரும்பி வரும் என்று அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தாள். கொம்பும் அவள் கையை விட்டு வேறு கைக்குப் போகாது. எனக்கோ அதைக் கண்டால் பயம். மான் எப்படிச் செத்திருக்கும், செத்த மானின் பாவம் எங்கள் வயிற்றில் வந்து சேருமா, போலீசு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று நான் கேட்காத கேள்வி இல்லை. கவலையை எங்கள் பக்கம் "வெசனம்" என்பார்கள். எனக்கு வீட்டில் "வெசனக்காரி" என்றே பெயர்.

நான் எட்டாவது படித்த வருசம், ஐப்பசி மழையில் தெருவே நசநசவென்று கிடந்த சமயம், எங்கள் பள்ளிக்கு ஜெயசீலி டீச்சர் அறிவியல் நடத்த வந்தார். ஒல்லியாக, எப்போதும் சேலை ஓரத்தில் சாயப் பொட்டுகளோடு இருப்பார். பள்ளியில் படம் எதுவும் இல்லாததால் எல்லாப் படத்தையும் தானே வரைவார். ஒரு நாள் கரும்பலகையில் ஒரு பெரிய தாளை மாட்டினார். மேலே "மான் குடும்பம்" என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற மான்களெல்லாம் அதன் காலுக்குக் கீழே ஒண்டிக்கொள்வது போல, பனியில் ஒரு பெரிய விலங்கு நின்றது.

"இது எல்க். குதிரை ஒசரம் இருக்கும். இதுவும் மான்தான்" என்றார் டீச்சர்.

எங்கள் வகுப்பில் முருகேசன் என்று ஒருத்தன், வாயை மூடவே மாட்டான். "மானுங்களா? பாத்தா எங்க பெரியப்பன் ஊட்டு எருமைக்கு வெள்ளாவி வெச்ச மாதிரி இருக்குதுங் டீச்சர்" என்றான்.

டீச்சர் சிரித்துவிட்டார். அதற்குக் கீழே புள்ளிமான், கடமான், பேரில் ஆடு இருந்தாலும் ஆடே இல்லாத கேளையாடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்த மூன்றும் காரமடைக்கு அந்தப் பக்கத்து மலையிலேயே இருக்கின்றன என்றபோது எங்களுக்கு எல்க்கைவிட அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பிறகு கொம்புக்கு வந்தார். மான் கொம்பு எலும்பு, வெட்டிப் பார்த்தால் உள்ளே கெட்டியாக இருக்கும். வருசா வருசம் தானாக விழுந்து மறுபடி முளைக்கும். ஆடு மாடு எருமைக்கு இருப்பது வேறே கொம்பு, விழாது, கூடு மாதிரி உள்ளே பொள்ளலாக இருக்கும். விழுந்ததைத்தான் எல்லாரும் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தானாக விழுந்த கொம்பின் அடி, தேய்ந்த காசு மாதிரி வட்டமாக முடிந்திருக்கும், அதில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருந்தால் அந்த மானைக் கொன்றுதான் எடுத்திருக்கிறார்கள். முளைக்கும்போது கொம்புக்கு மேலே முடி படர்ந்த ஒரு தோல் இருக்கும், அதற்குள் ரத்தம் ஓடும், கொம்பு முற்றியதும் மான் மரத்தில் தேய்க்க அந்தத் தோல் கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட முகத்தில் தொங்கும், சில மான்கள் அதைத் தின்றும்விடும் என்றார். வகுப்பே "உவ்வே" என்றது. முருகேசன் தன் சட்டைக் காலரை நாக்கால் இழுத்துத் தின்று காட்டினான்.

நாளைக்கு வீட்டில் மான் சம்பந்தமாக எது இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் போய்ச் சொன்னேன். அத்தைக்கு வந்ததே ஒரு களை!

"கொம்பு என்ற கையை உட்டுப் போகாது அம்மணி. நானே வாரேன். உங்க டீச்சரம்மா ஒல்லியா இருக்குதே, சளி கட்டியிருக்கும். ரெண்டு ஒரசு ஒரசிக் குடுத்துப்போட்டு வாரேன்" என்றாள்.

மறுநாள் நல்ல சேலை கட்டி, சிவப்புத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் மான் படம் போட்ட காலண்டரும் தீப்பெட்டியும் கொண்டுவந்திருக்க, என் அத்தை டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து கொம்பை மேசைமேல் வைத்தாள். டீச்சர் அதைத் தொடாமலே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்கம்மா, பத்திரமா எடுத்து வெச்சுக்கோங்க" என்று பேச்சை முடிக்கத்தான் பார்த்தார் என்று இப்போது புரிகிறது. அத்தை விடவில்லை. "கையில எடுத்துப் பாருங் டீச்சர், ஒண்ணும் பண்ணாது" என்று அவர் கையிலேயே திணித்தாள். ஈர நாளில் இளகியிருந்ததோ என்னவோ, செப்புப் பூண் டீச்சரின் விரலோடு கழன்று வந்தது. காய்ந்த அரக்கு பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது. உள்ளே கருப்பாக ஒரு ஓட்டை.

"உள்ள பொள்ளலா இருக்குதுங் டீச்சர்! நேத்து மான் கொம்பு கெட்டியா இருக்கும்னு சொன்னீங்கல்லங்?" என்றான் முருகேசன்.

"நீ சித்த வாயை மூடு" என்றார் டீச்சர்.

"ஏனுங் டீச்சர், இது கொம்பு இல்லீங்களா?" என்று கேட்டாள் அத்தை. குரலில் இன்னும் தெம்பு இருந்தது.

"கொம்புதானுங்கம்மா. எருமைக் கொம்புங்க. மேல அரத்துல கோடு போட்டுச் சாயம் ஏத்தியிருக்காங்க. நம்ம நகம் இருக்குதல்லங்க, அந்தச் சாதிப் பொருள்தானுங்க எருமைக் கொம்பும்."

நகம். என் நாக்கு எத்தனையோ வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருவர் வாயால் கேட்டதும் எனக்கு வந்த குமட்டலை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அத்தை கொம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு போயிருந்தாள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல்.

அத்தோடு தெரு தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் குழாயடியில், "ஏனுங் மாராத்தாக்கா, எங்களுக்கெல்லாம் கொம்பு மொளச்சுப்போச்சுங், கொஞ்சம் புல்லுக் கட்டு போடுங்" என்று சிரித்தார்கள்தான். ஆனால் அந்த வாரமே எங்களுக்கு அடுத்த வீட்டு ராஜாமணி அக்காவின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. செந்தில் என்று பெயர் வைத்து இன்னும் தலைகூட நிற்காத குழந்தை. மூச்சு விடும்போது புறா குமுறுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே வயிறு உள்ளே போய்க் குழிந்தது. ராஜாமணி அக்காவின் வீட்டுக்காரர் சின்னச்சாமி அண்ணன் வந்து எங்கள் வாசலில் நின்றார். அத்தை என்ன சொல்லப்போகிறாளோ என்று எல்லாரும் பார்த்தார்கள்.

அத்தை எழுந்து நின்றாள். "எருமைக் கொம்பக் குடிச்சே இத்தன பேரு பொழச்சுக் கெடக்கறீங்களே, நெசக் கொம்பு குடிச்சா எப்படியிருக்கும்? ரோசன பண்ணிப் பாருங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தார்கள். பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பொய் என்று தெரிந்த பிறகு அதைத் தூக்கிப் போடாமல், அதன் நிஜத்தைத் தேடி ஆள் அனுப்பினோம். கடமான் கொம்பு காரமடைக்கு மேலே மலையடிவாரத்தில் யாரிடமாவது இருக்கும் என்று சின்னச்சாமி அண்ணன் விடிந்ததும் பஸ் ஏறினார். அந்த மலையில் கடமான் இருக்கிறது என்று தெருவுக்குச் சொன்னது யார்? எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். டீச்சர் சொல்லிக் கொடுத்ததில் அந்த ஒன்றை மட்டும் தெரு எடுத்துக்கொண்டது.

அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. சும்மா சும்மா போய் ராஜாமணி அக்கா வீட்டு வாசலில் நின்று அந்த வயிற்றுக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. எல்லாரும் "தூங்குது" என்றார்கள். எனக்கு அது தூக்கமாகத் தெரியவில்லை. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோலாமுங்க" என்றேன்.

"அவரு வந்தர்றேன்னு போயிருக்காரு கண்ணு" என்றாள் ராஜாமணி அக்கா, குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள். "வெசனக்காரி, நீயும் உன்ற டீச்சரும் பண்ணுனது போதாதா? ஆஸ்பத்திரியில ஊசி போட்டா சளி உள்ளாற எறுகிப்போகும். வாய மூடிக்கிட்டு நில்லு."

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னச்சாமி அண்ணன் வந்தார். கையில் ஒரு சாக்கு. அதிலிருந்து கிளை பிரிந்த ஒரு கொம்பை வெளியே எடுத்தபோது, தெருவே "அடேயப்பா" என்றது. நான் அதன் அடியைப் பார்த்தேன். காசு மாதிரி வட்டமாக முடியவில்லை. உள்ளங்கை அளவு மண்டையோடு ஒட்டியிருந்தது. அதில் விரைத்த மயிர், காய்ந்தும் காயாத சதை, சதைக்குள் அரிசி மாதிரி வெள்ளையாக நெளிகிற புழுக்கள். நாற்றம் வந்து முகத்தில் அறைந்தது. கறிக்கடைக் கழிவை வெயிலில் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அது.

"பாத்தீங்களா, இதுதான் நெசம்! நெசம்னா இப்படித்தான் இருக்கும்" என்றாள் அத்தை. புழுவை விளக்குமாற்றுக் குச்சியால் தட்டிவிட்டு, சந்தனக் கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். உரசினாள். இந்த முறை சாம்பல் நிறமில்லை, பால் மாதிரி வெள்ளையாக வந்தது. ஆனால் அவள் கொம்பைப் பிடித்திருந்த இடத்திலிருந்து ஒரு பழுப்புத் தண்ணீர் அவள் விரலிடுக்கில் வழிந்து அந்த வெள்ளையில் கலந்ததை நான் பார்த்தேன். ராஜாமணி அக்காவும் பார்த்தாள். அத்தை விரலில் வழித்து எடுத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

ராஜாமணி அக்காவுக்கு அப்போது வாந்தி வந்தது. வந்தது என்றால் சும்மா அல்ல. கல்லின்மேலும் கொம்பின்மேலும் அத்தையின் மடியிலும் கொட்டியது. எல்லாரும் விலகிய அந்த ஒரு கணத்தில் அவள் வாயைத் துடைக்காமலே குழந்தையை வாரிக்கொண்டு எழுந்தாள்.

"என்ற புள்ள வாய்க்குள்ள இத வெக்கறதுக்குப் பதிலா நானு செத்துப்போறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். "ஏய், நில்லு புள்ள" என்று கத்திக்கொண்டே சின்னச்சாமி அண்ணன் பின்னால் ஓடினார்; ஓடினாரே தவிரத் தடுக்கவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் திட்டினாராம். குழந்தை பிழைத்து வீடு வந்தது. வந்த அன்று தெரு என்ன சொன்னது தெரியுமா? "நெசக் கொம்போட வாசத்துக்கே பாதிச் சீக்கு ஓடிப்போச்சு." சொன்னவள் அத்தை, ஒத்துக்கொண்டது எல்லாரும். ராஜாமணி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. லைன் வீட்டில் இருந்துகொண்டு தெருவைப் பகைத்துக்கொள்ள முடியுமா? அந்தக் கடமான் கொம்பைக் கழுவிக் காயவைத்துச் சிவப்புத் துணியில் சுற்றினார்கள். எனக்கும் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் மூக்கைப் பிடித்து வாயைத் திறப்பார்கள்.

அந்தக் கோடையோடு என் படிப்பும் முடிந்தது. "இஸ்கூலுக்குப் போயி ஊட்டு மானத்த வாங்குனது போதும்" என்று அத்தை சொன்னாள், அப்பா பஞ்சு தட்டிக்கொண்டே சரி என்றார். டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டுக்கூட வரவில்லை. பயம். டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது சிங்காநல்லூரிலேயே ஒரு பள்ளிக்கு எதிரில் பேனா, பென்சில், படத்தாள் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். மில் இல்லை, லைன் வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அத்தையும் ராஜாமணி அக்காவும் போய்விட்டார்கள். கொம்பு எங்கே போனது என்று இத்தனை வருசமாக யாரும் கேட்டதில்லை. உரசி உரசிக் கட்டை விரல் அளவுக்கு வந்து, அதுவும் ஒரு நாள் தீர்ந்தது. காணாமல் போகவில்லை, நாங்கள் தின்று தீர்த்தோம்.

போன வாரம் செந்தில் வந்திருந்தான். அதே செந்தில்தான், இப்போது தலையில் நரை. கூடவே மூன்றாவது படிக்கிற அவன் மகள் யாழினி, முகக்கவசத்துக்குள் இருமிக்கொண்டு. பள்ளியில் மான் குடும்பம் என்று படம் ஒட்டிக்கொண்டுபோக வேண்டுமாம். படத்தாளை எடுத்துக் கொடுத்தேன். நடுவில் எல்க் நின்றது, பனியில், ஜெயசீலி டீச்சர் வரைந்தது மாதிரி அல்ல, பளபளவென்று. கூடவே, பேரில் மான் இருந்தாலும் ஆடு மாட்டுச் சாதியான, கொம்பே விழாத வெளிமானையும் மான் குடும்பத்தில் சேர்த்து அச்சடித்து வைத்திருந்தார்கள். எதையும் சரிபார்க்காமல் பிள்ளைகளுக்கு விற்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கத்தரியை எடுத்து அதை மட்டும் வெட்டிவிட்டேன்.

"அக்கா, உங்கூட்டுல அந்தக் கொம்பு இன்னும் இருக்குதுங்களா? எனக்குச் சின்னதுல கொம்பு ஒரசிக் குடுத்துத்தான் உசுரு வந்துச்சுன்னு அப்பா சொல்லும். பாப்பாவுக்கு ஒரு மாசமா இருமல் உட மாட்டீங்குது" என்றான் செந்தில்.

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தானுங் இருக்கோம். அதோட இதும் இருக்கட்டும்னுதானுங். கொம்பு இல்லாட்டிப் போகுது, போன்ல எல்க் கொம்புப் பவுடரே வருதுங். வெளிநாட்டுதுங், இளங்கொம்பு" என்று போனை நீட்டினான். டப்பாவின்மேல் அதே எல்க், கொம்பெல்லாம் வெல்வெட்டுத் தோலோடு.

"செந்திலு, உன்னயக் காப்பாத்துனது கொம்பு இல்ல சாமி. உங்கம்மாளுக்கு வந்த வாந்தி" என்றேன்.

"அட, போங்கக்கா" என்று சிரித்தான். அவன் அம்மா எதையும் அவனிடம் சொல்லாமலே போயிருக்கிறாள். இனி நான் சொன்னால் மட்டும் ஏறுமா? அவன் விரல் அந்தப் போனிலேயே இருந்தது. அவனை விட்டுவிட்டு நான் குனிந்து பாப்பாவிடம் போனேன்.

"கண்ணு, இந்தக் கொம்புமேல பஞ்சு மாதிரி இருக்குது பாரு, அது என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முடி படர்ந்த தோல், அதற்குள் ஓடுகிற ரத்தம், மரத்தில் தேய்க்கும்போது கிழிந்து முகத்தில் தொங்குவது, ஈ மொய்ப்பது என்று எல்லாவற்றையும் சொன்னேன். விழாத கொம்பு எது, விழுகிற கொம்பு எது, மண்டையோட்டோடு வருகிற கொம்பு எது என்றும் சொன்னேன். புழுவைக்கூட விடவில்லை. "அந்தத் தோலு உரியறதுக்கு முன்னாடியே கொம்ப அறுத்து, ரத்தத்தோட காயவெச்சு, இடிச்சுத்தான் அந்த டப்பாவுல போடுவாங்க. அத உனக்குத் தேனுல கொழைச்சுக் குடுக்கலாம்னு அப்பா பாக்குது."

"அக்கா, பாப்பாவப் பயமுறுத்தாதீங்" என்றான் செந்தில்.

யாழினி அந்தப் படத்தைப் பார்த்தாள். அப்பாவின் போனைப் பார்த்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு, மூக்கு சுருங்கி, "உவ்வே" என்றாள். பிறகு முகக்கவசத்துக்கு மேலேயே இரண்டு கையாலும் வாயை இறுக்கமாகப் பொத்திக்கொண்டாள். செந்தில் என்னென்னவோ சொல்லிக் கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தான். கடையை விட்டுத் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை.